சீடர் சிட்டிக்காரர்களுக்கு ஒரு நன்றி மடல்

என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கற்றுக்கொண்ட, அமெரிக்காவில் இருக்கும் சீடர் சிட்டி (Cedar City) ஊர்க்காரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கிலத்தில் எழுதினால்தானே அவர்கள் படிப்பார்கள் என்று மகள் கேட்டாள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியதை என் அரைகுறை ஆங்கிலத்தில் நேரிலேயே சொல்லிவிட்டேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம் வேறு. பிள்ளைகளைப் பார்க்க ஆறு மாதம் தங்க அமெரிக்கா வந்து, அவர்கள் வேலைக்குப் போன பிறகு சோபாவில் உட்கார்ந்து பழைய சீரியலைத் திரும்பப் பார்க்கும் அப்பா அம்மாக்கள் நம்மில் நிறையப் பேர். அவர்கள் கண்ணிலும் இது பட வேண்டும்.

2022 கோடையில் நான் இருந்த இந்த ஊர் யூட்டா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. லாஸ் வேகஸிலிருந்து வடக்கே காரில் இரண்டரை மணி நேரம். கடல் மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 5,800 அடி. நம்மூர் விசில் கணக்குக்கு இங்கே பருப்பு வேகாது. சதர்ன் யூட்டா பல்கலைக்கழகம்தான் ஊரின் நடுநாயகம். கோடையில் மாணவர்கள் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட, அந்த வளாகத்தை ஷேக்ஸ்பியர் எடுத்துக்கொள்கிறார். வருஷாவருஷம் அங்கே நடக்கும் நாடக விழாவுக்கு யூட்டா ஷேக்ஸ்பியர் விழா என்று பெயர்.

முதல் நன்றி பக்கத்து வீட்டு அம்மாவுக்கு. அவரும் என்னைப் போல ஓய்வுபெற்ற ஆசிரியை. மகளும் மாப்பிள்ளையும் கிளம்பியதும் கதவைத் தட்டி, "ரெடியா?" என்பார். எங்கே என்று சொல்ல மாட்டார். அந்த ஊரின் கதை முழுவதையும் நான் அவரிடம்தான் கேட்டேன். சயான், பிரைஸ் கேன்யன் தேசியப் பூங்காக்களைப் பார்க்கப் போகிறவர்கள் இந்த ஊர் வழியாகத்தான் போவார்களாம். சாப்பிடுவார்கள், பெட்ரோல் போடுவார்கள், போய்விடுவார்கள். கல்லூரியில் நாடகம் சொல்லிக்கொடுத்த ஃபிரெட் ஆடம்ஸும், அவருக்கு நிச்சயமாகியிருந்த பார்பரா கேடியும், காசு போட்டால் ஓடும் சலவை மெஷின் முன்னால் துணிக்காகக் காத்திருந்தபோது போட்ட திட்டம்தான் இந்த விழா. போகிறவர்களை ஒரு ராத்திரியாவது ஊரில் தங்க வைக்க வேண்டும். லயன்ஸ் கிளப் ஆயிரம் டாலர் கொடுத்தது. 1962இல் இரண்டு வாரம், மூன்று நாடகங்கள். நடித்தவர்கள் கல்லூரிப் பிள்ளைகளும் ஊர்க்காரர்களும். பார்க்க வந்தவர்கள் 3,276 பேர். செலவு போகக் கையில் நின்றது 2,000 டாலர், அதுதான் அடுத்த வருஷத்துக்கு முதல்.

2000இல் அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனியை, சிறந்த பிராந்திய நாடக அமைப்பு என்று வாங்கிவிட்டார்கள். பக்கத்து வீட்டு அம்மா அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. 3,276 என்ற எண்ணைத்தான் தன் வீட்டுக் கணக்கு போல ஒப்பித்தார். ஆடம்ஸ் 2020 பிப்ரவரியில் காலமானார். அந்தக் கோடை கொரோனாவால் விழாவே இல்லை. "அவர் பார்க்காமல் போனதும் நல்லதுதான்" என்றார் அம்மா.

நூலகத்துக்கு அடுத்த நன்றி. ஷேக்ஸ்பியர் ஆங்கிலம் எனக்கு ஏறாது என்று தயங்கி நின்றபோது, அங்கிருந்த பெண் ஒரு நொடி யோசித்துவிட்டு என்னைக் குழந்தைகள் பகுதிக்குக் கூட்டிப் போனார். படம் போட்ட கதைப் புத்தகம், பெரிய எழுத்து. முப்பது வருஷம் பாடம் எடுத்தவள் என்ற கௌரவத்தை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வாங்கிக்கொண்டேன். நீங்களும் கூச்சப்படாதீர்கள். கதை தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதியை நடிகர்கள் முகத்திலேயே படித்துவிடலாம்.

இனி ஷேக்ஸ்பியரின் ராஜா நாடகம், 'கிங் லியர்'. யாருக்குத் தன்மேல் அதிக அன்பு என்று மூன்று மகள்களையும் கேட்டு, புகழ்ந்து பேச மறுத்த சின்னவளை விலக்கி, மற்ற இருவருக்கும் ராஜ்யத்தைப் பங்கு போட்டுவிட்டு, நூறு வீரர்களோடு மாதம் ஒருத்தி வீட்டில் தங்குவேன் என்று கிளம்பும் கிழவர் கதை, உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஏங்கல்ஸ்டாட் அரங்கில் பார்த்தேன். 2016இல் திறந்த அரங்கம், மேலே பார்த்தால் வானம். மகள் வீட்டில் இரண்டு பெட்டியோடு வந்து உட்கார்ந்திருக்கும் எனக்கு இந்தக் கதை கொஞ்சம் சங்கடம்தான். நூறு பேர் எதற்கு, ஐம்பது பேர் போதாதா என்று மூத்தவள் ஆரம்பித்து, இருபத்தைந்து என்று அடுத்தவள் குறைத்தபோது, பக்கத்து இருக்கையில் என் மகள் சிரிப்பை அடக்கத் தோள் குலுங்கியது. பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

பகலில் 35 டிகிரி கொளுத்தினாலும் ராத்திரி குளிர் இறங்கிவிடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பருத்திப் புடவையில் நடுங்கிக்கொண்டிருந்தேன். இருக்கை காட்டும் தொண்டர், எழுபத்தைந்து வயதுக்குக் குறையாது, இடைவேளையில் தன் காருக்குப் போய்ச் சொந்தப் போர்வையை எடுத்து வந்து போர்த்திவிட்டார். மறுநாள் துவைத்து மடித்துக் கொண்டுபோனால், "இன்னும் நாடகம் இருக்கிறதே, முடியட்டும்" என்றார். ஐயா, அந்தப் போர்வை ஆகஸ்ட் வரை என்னிடம்தான் இருந்தது.

ஆனால் இந்த ஊர் எனக்குக் கொடுத்ததிலேயே பெரியது மேடையில் இல்லை, மரத்தடியில் இருந்தது. முந்தின ராத்திரி பார்த்த நாடகத்தைப் பற்றி மறுநாள் காலையில் வளாகத்து மரங்களின் கீழே கூடிப் பேசுகிறார்கள். டிக்கெட் கிடையாது. நடத்துவதற்கு விஷயம் தெரிந்த ஒருவர் இருப்பார், பேசுவது வந்தவர்கள்தான். அன்றைக்கு முதலில் எழுந்தவர் மாடு வளர்க்கும் ஒரு பெரியவர். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "அந்தப் பெண்கள் கேட்பது நியாயம்தானே? நூறு பேருக்கு யார் சமைப்பது?" என்றார். சிரிப்பு அடங்கியதும் என் கை தானாக மேலே போய்விட்டது. சின்னவள் அப்பாவிடம் ஆசையாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும், வயதானவர் கேட்கிறார், கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்று சொல்ல நினைத்தேன். ஆங்கிலத்தில் பாதியில் வார்த்தை நின்றுபோனது. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, யாரும் எனக்காக முடித்துவைக்கவும் இல்லை. காத்திருந்தார்கள். சொல்லி முடித்தேன். அவ்வளவுதான், கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. அளந்து சொல்வதுதான் உண்மையான அன்பு என்று ஓர் இளம்பெண் என்னிடம் நேருக்கு நேர் சண்டைக்கு வந்தாள். அவளுக்கு இன்னும் குழந்தை இல்லை என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு காய்கறி வாங்கப் போனால்கூட யாராவது நின்று, "இன்னும் அப்பா கட்சிதானா?" என்று கேட்பார்கள். அந்த மரத்தடியில் இருந்த எல்லாருக்கும், குறிப்பாக அந்தச் சண்டைக்கார இளம்பெண்ணுக்கு, என் மனமார்ந்த நன்றி.

தையல் அறையில் ஊசியும் கையுமாக இருந்த பிள்ளைகளைச் சொல்லாமல் விட்டால் பாவம். திரைக்குப் பின்னால் சுற்றிக் காட்டுகிறார்கள், கட்டணம் உண்டு. ராஜ உடையில் பட்டன் போலத் தெரிவதெல்லாம் பட்டன் அல்ல, அடியில் பிரஸ் பட்டன். அரை நிமிஷத்தில் உடை மாற்ற வேண்டுமே! உள்பக்கம் நடிகரின் பெயர்ச்சீட்டு. மத்தியானம் ஒரு நாடகத்தில் வேலைக்காரனாக வருகிறவர் ராத்திரி இன்னொன்றில் பிரபுவாக வருகிறார். இரண்டுக்கும் நடுவில் மேடையையே கழற்றி மாட்டுகிறார்கள். அந்த ஆட்களுக்குக் கைதட்டல் கிடையாது. என் புடவை மடிப்பை ஒரு பெண் நோட்டில் வரைந்துகொண்டாள். நானும் இரண்டு முறை கட்டிக் காட்டினேன்.

மாலை ஏழு மணி வாக்கில் புல்வெளியில் இலவச ஆட்டம் பாட்டு, கிரீன்ஷோ என்கிறார்கள். ஜோக் பாதி புரியவில்லை, புரிந்த பாதி சுமார். ஆனாலும் விடாமல் போனேன், காரணம் அங்கே பழைய காலத்து உடையில் கூடையோடு பழ டார்ட் விற்கும் பிள்ளைகள். சர்க்கரை இருக்கிறது என்று மகள் முறைப்பாள். அவள் வராத நாளில் சாப்பிட்டேன்.

ஜூன் மாதத்தில் பையூட் பழங்குடி மக்களின் கூடலுக்கும் பக்கத்து வீட்டு அம்மாதான் கூட்டிப் போனார். 1954இல் அமெரிக்க அரசாங்கம், பழங்குடி என்று அவர்களுக்கு இருந்த அங்கீகாரத்தையே ரத்து செய்தது. 1980 ஏப்ரலில்தான் திரும்பக் கிடைத்தது. அதைக் கொண்டாடத்தான் வருஷாவருஷம் கூடுகிறார்கள். பறை கேட்டு வளர்ந்த காது எனக்கு, முரசுச் சத்தம் எழுந்ததும் உட்கார முடியவில்லை. நான் எழுந்து நின்றதைப் பார்த்து, இடம் கிடைக்கவில்லை என்று நினைத்த ஒரு பாட்டி தன் பேரனை எழுப்பிவிட்டு நாற்காலியைக் கொடுத்தார். எண்ணெயில் பொரித்த ரொட்டியும் வாங்கிக் கொடுத்தார். நம்ம பூரிக்கு அண்ணன். விழா விழா என்று ஷேக்ஸ்பியரை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கூடலையும் சொல்ல வேண்டும். இங்கே நெடுங்காலமாக இருப்பவர்கள் அவர்கள்தான்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி சீடர் பிரேக்ஸ் மலைக்கு, பத்தாயிரம் அடிக்கு மேலே, தங்கள் வண்டியில் கூட்டிப் போய்த் தொலைநோக்கியில் சனிக்கிரகத்தைக் காட்டிய தம்பதிக்கும் நன்றி. வளையம் நிஜமாகவே இருக்கிறது.

லாஸ் வேகஸ் தமிழ்க் குடும்பம் ஒன்று, இரண்டு கார் நிறைய ஆட்களும் ஒரு பை கறிவேப்பிலையுமாக நாடகம் பார்க்க வந்தது. நாடகம் நன்றாக இருந்தது, கறிவேப்பிலை அதைவிட. மாப்பிள்ளைக்குத் தனியாக நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார், ஆனாலும் டிக்கெட் விலையை என் காதில் விழாமல் பார்த்துக்கொண்டதற்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

போக நினைக்கும் பெற்றோருக்கு: ஸ்வெட்டர் கட்டாயம். ஞாயிற்றுக்கிழமை நாடகம் கிடையாது. ஜூலைக்கு மேல் மத்தியானம் இடி மழை வரும். டாலரை ரூபாயில் பெருக்காதீர்கள். மரத்தடிக்குச் சீக்கிரம் போனால் முன்வரிசை கிடைக்கும். அங்கே தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தால், நான் இன்னும் அப்பா கட்சிதான் என்று சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
மகள் வீட்டில் தங்கிவிட்டுப் போன ஒரு தமிழாசிரியை