லொக் வராததும் இரண்டு தடவை வருவதும்

திருகோணமலை

அன்பின் மச்சானுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் கிடைத்தது. இங்கே கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டது, மத்தியானத்தில் வெளியே தலைகாட்ட ஏலாது. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் விடுதிகள் நிரம்பி வருகின்றன. திமிங்கிலம் பார்க்கக் கொண்டுபோகிற வள்ளங்கள் விடியப்புறமே இறங்குகின்றன. உன்னுடைய முன்பதிவு அப்புக்கும் இதுதான் வேலை கூடிய காலம். காசு எடுபட்டும் இடம் பதிவாகவில்லை என்று யாரும் கேட்டால், எடுத்துக் காட்ட உன் கையில் லொக்கைத் (அப் தான் செய்வதை வரிவரியாக எழுதிவைக்கும் பதிவை) தவிர வேறொன்றும் இராது. அதுவே ஒழுங்காக வரவில்லை என்று எழுதியிருக்கிறாய், ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நீ சொன்னவை மூன்று. சேர்வரில் பேமென்ட் மொடியூலின் இன்ஃபோ வரிகள், அதாவது சாதாரணத் தகவல் வரிகள், வருவதே இல்லை. உன் மடிக்கணினியில் அதே வரி இரண்டிரண்டாக வருகிறது. பொறுக்க முடியாமல், எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிற ரூட்டை, சின்ன விவரத்தையும் எழுதுகிற டிபக்குக்கு மாற்றியதும் டிஸ்க் நிரம்பிவிட்டது. மூன்றையும் விளங்கிக்கொள்ள முதலில் ஒன்று தெரிய வேண்டும்: லெவல் (வரி எவ்வளவு முக்கியம் என்ற எண்) பார்ப்பதையும் ஹாண்ட்லர் (வரியைத் திரைக்கோ கோப்புக்கோ எழுதுகிற பகுதி) தேடுவதையும் ஒரே பயணமாக எண்ணி கொன்ஃபிக் எழுதியிருக்கிறாய். பைத்தனில் அவை இரண்டு தனிப் பயணங்கள்.

முதலில் லெவல். எண்கள் உனக்குத் தெரியும்: டிபக் 10, இன்ஃபோ 20, வோர்னிங் 30, எரர் 40, கிரிட்டிக்கல் 50. இவற்றுக்குக் கீழே நொட்செட் என்று 0 ஒன்று இருக்கிறது, அதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. கெட்லொகர் மூலம் புதிதாக எடுக்கும் ஒவ்வொரு லொகரும் (வரிகளை எழுதுவதற்கான பெயருள்ள பொருள்) நொட்செட்டாகவே பிறக்கிறது. தனக்கென்று லெவல் இல்லை, மேலே கேள் என்பதுதான் அதன் பொருள். 'புக்கிங்.பேமென்ட்.கேட்வே' என்ற லொகரில் ஓர் இன்ஃபோ வரி எழுதினால், முதலில் தன்னிடம் லெவல் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லாவிட்டால் 'புக்கிங்.பேமென்ட்', பிறகு 'புக்கிங்', கடைசியில் ரூட். வழியில் முதலில் அகப்படும் 0 அல்லாத லெவலோடு தேடல் முடிந்துவிடும். எங்குமே வைக்காவிட்டால் ரூட்டுக்கு இயல்பாக உள்ள 30 தான் செல்லும், இன்ஃபோ அங்கேயே விழுந்துவிடும்.

அடுத்தது ஹாண்ட்லர். அந்தச் சோதனையில் தேறிய வரி, பிறந்த லொகரிலிருந்து ரூட் வரைக்கும் ஏறிக்கொண்டு போய், ஒவ்வொரு படியிலும் உள்ள எல்லா ஹாண்ட்லர்களிடமும் தன்னைக் கொடுக்கும். இந்த ஏற்றத்தில் மேலே உள்ள லொகர்களின் லெவலை யாரும் கேட்பதில்லை. பிறந்த வீட்டில் அனுமதி வாங்கிவிட்டால் போதும். ரூட் எரரில் இருந்தாலும், 'புக்கிங்' டிபக்கில் இருந்தால் அதன் டிபக் வரிகள் ரூட்டின் ஹாண்ட்லர் வழியாகவே வெளியே வரும். ரூட்டின் லெவலை உயர்த்தி எல்லாவற்றையும் அடக்கலாம் என்று நம்புகிறவர்கள் தடுமாறுகிற இடம் இதுதான். அடக்க வேண்டுமென்றால் ஹாண்ட்லரில் லெவலை வை, அது இயல்பாக 0, ஆகவே வந்ததையெல்லாம் எழுதும்.

ஃபில்டருக்கும் இதே விதிதான், இதை வடிவாகக் கவனி. கார்ட் இலக்கங்களை மறைக்கிற ஃபில்டரை 'புக்கிங்' லொகரில் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறாய். 'புக்கிங்.பேமென்ட்.கேட்வே' இலிருந்து ஏறிவரும் வரியை அந்த ஃபில்டர் தொடவே தொடாது. 'புக்கிங்' லொகரிலேயே நேரடியாக எழுதப்பட்ட வரிகளை மட்டும்தான் அது பார்க்கும். இன்றைக்கே அதைக் கழற்றி, ஒவ்வொரு ஹாண்ட்லரிலும் போடு. மற்றதெல்லாம் நாளைக்குச் செய்தாலும் பரவாயில்லை.

இனி சேர்வரில் இன்ஃபோ வராத கதை. செட்டிங்ஸ் கோப்பைத் திரும்பத் திரும்ப வாசித்து இதைப் பிடிக்க ஏலாது, ஓடிக்கொண்டிருக்கிற புரொசெஸிடமே கேட்க வேண்டும். மனேஜ்.பை ஷெல்லைத் திறந்து பார்ப்பதிலும் முழு நம்பிக்கை வைக்காதே, அது சேர்வரில் உன் அப்பை ஓட்டுகிற குனிகோர்ன் புரொசெஸ் இல்லை, சுற்றுச்சூழல் மாறிகள் வேறாக இருக்கலாம். ஊழியர் மட்டும் திறக்கக்கூடிய தற்காலிக வியூ ஒன்று எழுது. அதில் கேட்வே லொகரை எடுத்து, அதன் பெயர், லெவல், கெட்எஃபெக்டிவ்லெவல் தரும் எண் (உண்மையில் செல்லும் லெவல்), புரொப்பகேட் (வரியை மேலே ஏற விடுகிறதா), டிஸேபிள்ட் (லொகர் முடக்கப்பட்டதா), ஹாண்ட்லர்கள், ஒவ்வொரு ஹாண்ட்லரின் லெவலும் ஃபில்டரும் என்று எழுதிவிட்டு, பேரன்ட் என்ற பண்பின் வழியே ஒரு படி மேலே போ. புரொப்பகேட் பொய்யாக இருந்தால் அங்கேயே நிறுத்து. உன் அமைப்புக்குப் பெரும்பாலும் இப்படித்தான் வரும் என்று எதிர்பார்க்கிறேன்:

அப்ஸ்.புக்கிங்.பேமென்ட்.கேட்வே: லெவல் 0, செல்லும் லெவல் 30, புரொப்பகேட் ஆம், டிஸேபிள்ட் இல்லை, ஹாண்ட்லர் இல்லை
ரூட்: லெவல் 30, ஹாண்ட்லர் ஸ்ட்ரீம், அதன் லெவல் 0

பெயரைப் பார். நீ அனுப்பிய கோப்புறை அமைப்பில் புக்கிங் 'அப்ஸ்' என்ற கோப்புறைக்குள் இருக்கிறது. மொடியூலின் __நேம்__ அந்தப் பெயரோடு சேர்ந்துதான் வரும். கொன்ஃபிக்கில் நீ லெவல் வைத்திருப்பதோ 'புக்கிங்' என்ற லொகருக்கு, அந்த மரத்தில் ஒரு வரியும் பிறக்கவில்லை. பைத்தனும் பிழை சொல்லாது, கேட்ட பெயரில் ஒரு லொகரை உண்டாக்கிவிட்டுப் பேசாமல் இருக்கும். எழுத்துப் பிழை, புள்ளிக்குப் பதில் போட்ட இடைக்கோடு, நேரடியாக ஓட்டிய ஸ்கிரிப்டில் வருகிற '__மெயின்__' என்ற பெயர், எல்லாம் இதே வகைதான். மேலே காட்டியதில் நடுப்படிகள் இல்லாததையும் பார்: யாரும் கெட்லொகரில் கேட்காத பெயர் லொகராக இருப்பதில்லை, பேரன்ட் அதைத் தாண்டி ரூட்டுக்கே போய்விடும்.

பெயர் சரியாக இருந்தும், செல்லும் லெவல் 20 என்று காட்டியும், வரி வரவில்லை என்றால் டிஸேபிள்ட் என்ற பண்பைப் பார். லொக் கொன்ஃபிக்கை ஏற்றுகிற டிக்ட்கொன்ஃபிக்கும் ஃபைல்கொன்ஃபிக்கும், டிஸேபிள்_எக்ஸிஸ்டிங்_லொகர்ஸ் என்பதை நீ சொல்லாவிட்டால் உண்மை என்றே எடுத்துக்கொள்ளும். அந்நேரம் ஏற்கெனவே இருக்கிற லொகர்களில், கொன்ஃபிக்கில் பெயர் வராதவையும் பெயர் வந்தவற்றின் பிள்ளைகள் அல்லாதவையும் வாய் மூடப்படும். உன் அப் ஓடுகிற வெப் சட்டகமான ஜாங்கோவில் செட்டிங்ஸ் கோப்பே இம்போர்ட் செய்கிற உதவி மொடியூல்கள்தான் பெரும்பாலும் இதில் அகப்படும், ஏனென்றால் லொக் கொன்ஃபிக் ஓடுவதற்கு முன்பே அவற்றின் லொகர்கள் பிறந்துவிடுகின்றன. ஃப்ளாஸ்க் என்ற மற்றச் சட்டகத்தில் வேலை செய்கிற உன் தம்பிக்கும் சொல்லு: டேட்டாபேஸ் மாற்றங்களை (மைக்ரேஷன்) ஓட்டுகிற அலெம்பிக் உருவாக்கித் தருகிற என்வி.பை ஃபைல்கொன்ஃபிக்கைக் கூப்பிடுகிறது. மைக்ரேஷனை அப்புக்குள்ளேயே ஓட்டினால் அதன் பிறகு அப்பின் லொகர்கள் பேச்சுமூச்சில்லாமல் போகும். இரண்டு இடத்திலும் டிஸேபிள்_எக்ஸிஸ்டிங்_லொகர்ஸைப் பொய் என்று வெளிப்படையாக எழுதினால் சரி.

லொகரில் ஒரு குறையும் இல்லாமல் இருந்தால் ஹாண்ட்லரில், செட்டிங்ஸில் டிபக் உண்மையாக இருந்தால் மட்டும் வரியை விடுகிற ரிக்வயர்_டிபக்_ட்ரூ ஃபில்டர் தொங்குகிறதா என்று பார். எங்கிருந்தோ நகலெடுத்த கொன்ஃபிக்கில் அது வந்துவிட்டால், மடிக்கணினியில் எல்லாம் வரும், சேர்வரில் ஒன்றும் வராது. குனிகோர்னுக்கு லொக்-லெவலை டிபக் என்று கொடுத்துப் பார்த்ததாகச் சொன்னாய். அது குனிகோர்னின் சொந்த லொகருக்கு மட்டும்தான், உன் அப்பின் லொகர்களை அது தீண்டாது.

ஹாண்ட்லரே இல்லாத நிலையை ஒரு பார்வையிலேயே கண்டுபிடிக்கலாம். நேரமும் பெயரும் இல்லாமல், வெறும் செய்தி மட்டும், அதுவும் வோர்னிங்கும் அதற்கு மேற்பட்டதும் மட்டும் ஸ்டாண்டர்ட் எரரில் வந்தால், பைத்தன் தன் கடைசிக் கையிருப்பு ஹாண்ட்லரைப் பாவிக்கிறது என்று அர்த்தம்.

இரட்டை வரிக்கு வருவோம். எப்போதும் சரியாக இரண்டு என்றால், ஏறுகிற பாதையில் இரண்டு இடத்தில் ஹாண்ட்லர் இருக்கிறது. ரிக்வெஸ்ட் வர வர இரண்டு, மூன்று, நான்கு என்று பெருகினால், எங்கோ ஒரு ஃபங்ஷனுக்குள் அட்ஹாண்ட்லர் இருக்கிறது, ஒவ்வொரு அழைப்புக்கும் இன்னொன்றை மாட்டுகிறது. உன்னுடையது முதல் வகை. நீ ஒட்டி அனுப்பிய இரண்டு வரிகளில் ஒன்று உன் ஃபோர்மட்டில் நேரத்தோடு இருக்கிறது, மற்றது 'இன்ஃபோ:அப்ஸ்.புக்கிங்.வியூஸ்:' என்று லெவலும் பெயரும் முக்காற்புள்ளியால் ஒட்டிக்கொண்டு தொடங்குகிறது. அது, லொக்கை ஒரே அழைப்பில் அமைக்கிற பேசிக்கொன்ஃபிக் என்ற ஃபங்ஷனின் இயல்பான ஃபோர்மட். நீ அதைக் கூப்பிடவில்லை என்கிறாய், நம்புகிறேன். ரூட்டில் ஹாண்ட்லர் இல்லாத நேரத்தில் யாராவது லொகர் எடுக்காமல் லொகிங்.இன்ஃபோ என்று மொடியூலையே நேரடியாகக் கூப்பிட்டால், அது தானாகவே பேசிக்கொன்ஃபிக்கை ஓட்டி ரூட்டில் ஒரு ஸ்ட்ரீம் ஹாண்ட்லரை மாட்டிவிடும். கோட் முழுவதிலும் லொகிங்.இன்ஃபோ, லொகிங்.வோர்னிங், லொகிங்.எரர் என்று தேடிப் பார், எங்கோ ஒன்று ஒளிந்திருக்கும். அதன் பிறகு நீ எழுதுகிற பேசிக்கொன்ஃபிக் ஒன்றும் செய்யாது, ரூட்டில் ஹாண்ட்லர் இருந்தால் அது சும்மா திரும்பிவிடும். பைத்தன் 3.8 இலிருந்து ஃபோர்ஸ் என்ற வாதம் இருக்கிறது, அதை உண்மை என்று கொடுத்தால் பழையவற்றைக் கழற்றிவிட்டு மாட்டும்.

பலர் இந்த இடத்தில் புரொப்பகேட்டைப் பொய்யாக்கிவிட்டு இரட்டை போய்விட்டது என்று சந்தோஷப்படுவார்கள். எனக்கு அது பிடிக்காது. டெஸ்டில் லொக் வரிகளைப் பிடித்துப் பார்க்கிற பைடெஸ்டின் கேப்லொக் ரூட்டில்தான் தன் ஹாண்ட்லரை மாட்டுகிறது, புரொப்பகேட் இல்லாத மரத்திலிருந்து அதற்கு ஒரு வரியும் போய்ச் சேராது. எரர்களைச் சேகரிக்க நாளைக்கு ரூட்டில் மாட்டுகிற எதற்கும் இதே கதிதான். ஹாண்ட்லர்கள் எல்லாம் ரூட்டில் மட்டும் இருக்கட்டும், பெயருள்ள லொகர்களில் லெவலை மட்டும் வை. கட்டணக் கணக்குப் பதிவு போல, உண்மையிலேயே தனிக் கோப்புக்கு மட்டும் போகவேண்டியது ஒன்று இருந்தால் அதற்கு மட்டும் புரொப்பகேட்டை நிறுத்து.

டிஸ்க் நிரம்பியதற்குக் காரணம் உனக்கு இப்போது விளங்கியிருக்கும். ரூட் 10 ஆனதும், லெவல் இல்லாத எல்லா நூலகங்களும் அதை வாரிசாக எடுத்துக்கொண்டன. யூஆர்எல்லிப்3, போட்டோகோர் இரண்டும் டிபக்கில் ஓயாமல் பேசும். ரூட்டை வோர்னிங்குக்குத் திரும்பக் கொண்டுபோ. 'அப்ஸ்' என்ற ஒரே லொகருக்கு இன்ஃபோ கொடு. கேட்வேயை மட்டும் ஆராய வேண்டுமானால் 'அப்ஸ்.புக்கிங்.பேமென்ட்.கேட்வே' ஐ மட்டும் சில நேரம் டிபக்கில் வை. ஓடுகிற புரொசெஸில் மாற்றினால் செட்லெவலையே கூப்பிடு, லொகரின் லெவல் பண்பில் நேரடியாக எண்ணைத் திணிக்காதே. பைத்தன் 3.7 இலிருந்து லெவல் சோதனையின் விடை கேஷில் வைக்கப்படுகிறது, செட்லெவல்தான் அந்தக் கேஷைத் துடைக்கும். குனிகோர்னில் பல வேர்க்கர்கள் (அதே அப்பை ஓட்டுகிற தனித்தனிப் புரொசெஸ்கள்) இருந்தால், மாற்றம் அந்த ரிக்வெஸ்ட் போய்ச் சேர்ந்த வேர்க்கரில் மட்டும்தான் நடக்கும் என்பதையும் மறந்துவிடாதே.

பின்னணி வேலைகளை ஓட்டுகிற செலரி வேர்க்கர் தனிப் பிரச்சினை. அது தொடங்கும்போது ரூட்டின் ஹாண்ட்லர்களைக் கழற்றிவிட்டுத் தன்னுடையதை மாட்டும், வேர்க்கர்_ஹைஜாக்_ரூட்_லொகர் இயல்பாக உண்மைதான். செட்டப்_லொகிங் என்ற சிக்னலுக்கு ஒரு ஃபங்ஷனை இணைத்து, அதற்குள் உன் டிக்ட்கொன்ஃபிக்கைக் கூப்பிட்டால் செலரி ஒதுங்கிக்கொள்ளும்.

எதை எந்த லெவலில் எழுதுவது என்றும் கேட்டிருந்தாய். வங்கி கார்டை மறுத்தால் அது இன்ஃபோ, வாடிக்கையாளரின் கணக்கில் காசில்லாதது உன் அப்பின் குறை இல்லை. கேட்வே நேரத்துக்குப் பதில் தராமல் மறுமுயற்சியில் சரிவந்தால் வோர்னிங். காசு எடுபட்டு இடம் பதிவாகாமல் போனால் எரர், இரவென்றாலும் ஆளை எழுப்ப வேண்டும். எக்ஸெப்ட்டுக்குள் லொகர்.எரரில் பிழையின் பெயரை மட்டும் எழுதுவதை விட்டுவிட்டு லொகர்.எக்ஸெப்ஷனைப் பாவி, அதுவும் எரர் லெவல்தான், ஆனால் பிழை எந்த வழியாக வந்தது என்று காட்டுகிற ட்ரேஸ்பேக்கையும் சேர்த்து எழுதும்.

கடைசியாக நேரம். ஜாங்கோ தன் டைம்_ஸோனைப் புரொசெஸுக்கே வைத்துவிடுவதால் அப்பின் லொக் இலங்கை நேரத்தில் வரும். கொன்டெய்னரில் உள்ள மற்றவை யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) எழுதும். இடைவெளி 5 மணி 30 நிமிடம். இங்கே அதிகாலை 4 மணிக்கு ஒருவர் வள்ளத்துக்குப் பதிந்தால், யூடிசியில் அது முதல்நாள் இரவு 22:30. இரண்டு லொக்கையும் பக்கத்தில் வைத்துத் தேடும்போது திகதியே மாறிப்போகும். ஃபோர்மட்டரின் கொன்வேர்ட்டரை டைம்.ஜிஎம்டைம் ஆக்கி எல்லாவற்றையும் யூடிசிக்குக் கொண்டுவா. கோப்பைச் சுழற்ற ரொட்டேட்டிங்ஃபைல்ஹாண்ட்லரைப் பல வேர்க்கர்களோடு பாவிக்காதே, ஒன்று சுழற்றும்போது மற்றது பழைய கோப்பில் எழுதிக்கொண்டிருக்கும். ஸ்டாண்டர்ட் அவுட்டுக்கு விடு, அல்லது வொச்ட்ஃபைல்ஹாண்ட்லரும் லொக்ரொட்டேட்டும் போதும்.

அந்த வியூவின் வெளியீட்டைக் குனிகோர்னிலிருந்தும், அதே ஃபங்ஷனைச் செலரி டாஸ்க் ஒன்றாக ஓட்டி வேர்க்கரிலிருந்தும் எடுத்து அனுப்பு. ரூட்டின் மனேஜரில் டிஸேபிள் என்ற எண் என்ன என்பதையும் சேர்த்து எழுது, அது 0 ஆக இருக்க வேண்டும். டெஸ்டுக்காக யாராவது போட்ட லொகிங்.டிஸேபிள் அங்கேதான் தெரியும்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்