செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: வந்த நோட்டு ஒன்று, வராத நோட்டு நான்கு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

'வந்திருக்கும்' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன். தருமபுரியில் இயங்கும் நமது வாக்காளர் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

2024 ஏப்ரல் 19 நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன்பு மூன்று இடங்களில் துண்டறிக்கை கொடுத்தோம். தமிழ்நாட்டிலேயே அதிக வாக்குப்பதிவு தருமபுரித் தொகுதியில்தான், 81 விழுக்காட்டைத் தாண்டியது. நம் துண்டறிக்கையால்தான் என்று நான் சொல்ல மாட்டேன், தலைவர் சொன்னார். சுதந்திர தினம், குடியரசு தினக் கொடியேற்றம் நடந்தது. ஜனவரி 25 தேசிய வாக்காளர் தினத்தில் உறுதிமொழி எடுத்தோம். ஜூலை 11 அன்று ஊரகப் பகுதிகளுக்கான 'மக்களுடன் முதல்வர்' திட்டத்தை முதலமைச்சர் நம் மாவட்டத்துப் பாளையம்புதூரில்தான் தொடங்கி வைத்தார். அதற்குப் பின் நடந்த முகாம்களில் மனு எழுதிக் கொடுக்க நம் சங்கத்திலிருந்து இரண்டு பேர் உட்கார்ந்தோம், அதில் ஒருவர் மதியத்தோடு கிளம்பிவிட்டார். டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை அரூரையும் ஊத்தங்கரையையும் புரட்டிப் போட்டபோது போர்வையும் அரிசியும் திரட்டிக் கொடுத்தோம். செயற்குழு நான்கு முறை கூடியது.

இனி நோட்டு விஷயம்.

சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில் நான்காவது தீர்மானமாக ஒன்றை நிறைவேற்றினோம். பாலக்கோடு, பென்னாகரம், தருமபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் என்று நம் மாவட்டத்தில் சட்டமன்றத் தொகுதிகள் ஐந்து. தொகுதிக்கு ஒரு நோட்டு. எம்.எல்.ஏ. பொதுவில் என்ன நிலைப்பாடு எடுத்தார், சட்டமன்றத்தில் எப்படி வாக்களித்தார், தொகுதிக்கு என்ன செய்தார் என்று மூன்று பத்தி போட்டு ஓராண்டு எழுதி வருவது. கட்சி பார்ப்பதில்லை, புகழ்வதில்லை, திட்டுவதில்லை, நடந்ததை மட்டும் எழுதுவது. யோசனை என்னுடையது என்று சிலர் கேலி செய்தாலும், கை தூக்கியது எல்லோரும்தான். இருநூறு பக்க நீள நோட்டு ஐந்து வாங்கி, அட்டை போட்டு, தொகுதிப் பெயரை நானே எழுதிக் கொடுத்தேன். ஒன்றை நான் வைத்துக்கொண்டேன். நான்கை நான்கு உறுப்பினர்கள் கேட்டு வாங்கிப் போனார்கள். கேட்டு வாங்கினார்கள் என்பதை இங்கே பதிவு செய்கிறேன், யாரும் யார் தலையிலும் கட்டவில்லை.

முதலில் சிக்கியது வாக்களிப்புப் பத்திதான். இரண்டு மாதம் ஒரு வரி எழுத முடியவில்லை. சோம்பல் என்று நினைக்க வேண்டாம். சட்டமன்றத்தில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. 'ஆம்' என்போர் ஆம் என்கிறார்கள், 'இல்லை' என்போர் இல்லை என்கிறார்கள், பேரவைத் தலைவர் முடிவைச் சொல்லிவிடுகிறார். 234 பேரில் நம்மவர் எந்தப் பக்கம் குரல் கொடுத்தார், கொடுத்தாரா இல்லையா என்று பேர் பேராக எங்கும் இருக்காது. இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. 1985 முதல் கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி சார்பில் சொல்லும் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம். ஆக, கட்சி எப்படியோ எம்.எல்.ஏ.வும் அப்படி. இதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது என்பதில் கொஞ்சம் வெட்கம்தான்.

எண்ணிப் பார்த்த வாக்கெடுப்பு என்று பழைய செய்தித்தாள்களைப் புரட்டியதில் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும் ஒன்றுதான் அகப்பட்டது. 2017 பிப்ரவரி 18, எடப்பாடி பழனிசாமி அரசின் மீதான நம்பிக்கை வாக்கெடுப்பு. திமுக உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்ட பிறகு, இருந்தவர்களை எண்ணியதில் ஆதரவு 122, எதிர்ப்பு 11. அதே ஆண்டு செப்டம்பரில் பதவி பறிக்கப்பட்ட 18 எம்.எல்.ஏ.க்களில் இருவர் நம் மாவட்டத்துக்காரர்கள், அரூரும் பாப்பிரெட்டிப்பட்டியும். அதுவும் மன்றத்தில் மாற்றி வாக்களித்ததற்காக அல்ல, முதல்வர் மீது நம்பிக்கையில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்ததற்காக. 2019 ஏப்ரலில் இடைத்தேர்தல் நடக்கும்வரை ஒன்றரை ஆண்டுக்கு மேல் அந்த இரண்டு தொகுதிகளின் பெயரைச் சொல்லிக் கேள்வி நேரத்தில் எழுந்து நிற்க ஆள் இல்லை. அரூர் நோட்டை வாங்கிய உறுப்பினர் முதல் பக்கத்தில் இதையாவது எழுதியிருக்கலாம். அவர் அரூர்க்காரர், அந்த ஒன்றரை ஆண்டும் அங்கேதான் இருந்தார்.

அப்புறம்தான் வாக்களிப்புப் பத்தியை அடித்துவிட்டு 'இருந்தாரா, பேசினாரா, வெளிநடப்பா' என்று மாற்றினேன். இதற்குச் செயற்குழு ஒப்புதல் பெறவில்லை என்று ஒரு முணுமுணுப்பு. மாற்றிய அன்று செயற்குழுவுக்குக் கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான ஆள் எண்ணிக்கை, இல்லை. வெளிநடப்பும் ஒரு வாக்குத்தான் என்பது என் கருத்து. 2022 பிப்ரவரி 8 அன்று நீட் விலக்கு மசோதா மறுபடியும் நிறைவேறியபோது பாஜக உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தார்கள், மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. உள்ளேயே இருந்து 'இல்லை' என்றிருந்தால் அந்தக் குரல் கூட்டத்தில் கரைந்திருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஆகஸ்ட் செயற்குழுவில் ஆண்டுச் சந்தாவை 240 ரூபாயிலிருந்து 300 ஆக உயர்த்தலாமா என்று கேட்டேன். யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்று பெயர் போட்டு எழுதிக்கொள்கிறேன் என்றதும், எம்.எல்.ஏ.க்களின் வாக்கு பேர் பேராக வெளியே வரவேண்டும் என்று ஒரு மணி நேரம் பேசிய அதே உறுப்பினர், "எதுக்குங்க பேரெல்லாம், பொதுவா எழுதிக்குங்க" என்றார். குரல் வாக்கெடுப்பில் தீர்மானம் தோற்றது. சந்தா 240 ரூபாயாகவே நீடிக்கிறது. நீடிப்பது தொகை மட்டும்தான், வசூல் அல்ல.

பேச்சைக் குறித்துவைப்பது முன்பைவிட எளிது. 2022 ஜனவரியிலிருந்து கேள்வி நேரத்தை நேரலையில் பார்க்கலாம், கைப்பேசி போதும். துறைகளின் செலவுக்கு மன்றம் ஒப்புதல் தரும் மானியக் கோரிக்கை நாட்களில்தான் குழப்பம். எதிர்க்கட்சி உறுப்பினர்கள் வெட்டுத் தீர்மானம் கொடுப்பார்கள், நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று. அது குறையை எடுத்துச் சொல்ல ஒரு வழி, தொகை பெயருக்குத்தான். இதை நான் வாட்ஸ்அப் குழுவில் போட்டதும், "நம்ம ஊர் ரோட்டுக்கு வர்ற காசுல நூறு ரூபாய் குறைக்கச் சொன்னாரா?" என்று ஒருவர் கோபப்பட்டு, அதற்கு இன்னொருவர் பதில் சொல்லி, ராத்திரி பதினொன்று வரை ஓடியது. நோட்டு எழுதாதவர்களும் இதில் கலந்துகொண்டார்கள்.

நிலைப்பாடு என்ற பத்தியிலும் ஒரு சிக்கல். ஒகேனக்கல்லில் ஓடும் காவிரி உபரி நீரை நம் ஏரிகளுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதை எதிர்த்து இந்த மாவட்டத்தில் எந்தக் கட்சிக்காரரும் பேசி நான் கேட்டதில்லை. எல்லோரும் ஒன்றைச் சொன்னால் அது நிலைப்பாடா, வணக்கம் சொல்வது மாதிரியா? கடைசியில் பேசியதை விட்டுவிட்டு, அதற்காக மன்றத்தில் எந்தத் தேதியில் கேட்டார், என்ன பதில் வாங்கினார் என்பதை மட்டும் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். பக்கம் மெலிந்துபோனது, ஆனால் நம்பும்படியாக இருக்கிறது. 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் 234 எம்.எல்.ஏ.க்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியில் நெடுநாளாக நிற்கும் பத்துக் கோரிக்கைகளை எழுதி ஆட்சியரிடம் கொடுக்கச் சொன்னாரே, அந்தப் பத்தும் நோட்டின் நடுப்பக்கத்தில் இருக்கிறது. எது முடிந்தது, எது நிற்கிறது என்று பக்கத்திலேயே பென்சிலால் குறித்திருக்கிறேன், அழித்து எழுத வசதியாக.

பணிகள் பத்திக்குத்தான் அலைச்சல் அதிகம். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அந்தப் பணம் எம்.எல்.ஏ. கைக்கு வருவதில்லை; அவர் பரிந்துரைப்பார், வேலையை மாவட்ட நிர்வாகம் எடுத்துச் செய்யும். அந்தப் பட்டியலைக் கேட்டு ஓர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போட்டேன். முப்பதாவது நாள், நேரில் வந்து பார்வையிடலாம் என்று பதில். மூன்று முறை போனேன். முதல் முறை சம்பந்தப்பட்டவர் விடுப்பு, இரண்டாம் முறை மின்சாரம் இல்லை. மூன்றாம் முறை கோப்பு கிடைத்தது, பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டி நகல் வாங்கினேன்.

பட்டியலை வைத்துக்கொண்டு டிவிஎஸ் எக்ஸெல்லில் ஒவ்வோர் இடமாகப் போய்ப் பார்த்தேன். ரேஷன் கடைக் கட்டடம், அங்கன்வாடி, பேவர் பிளாக் போட்ட தெரு, உயர்கோபுர விளக்கு. பெரும்பாலானவை சொன்ன இடத்தில் இருந்தன, அதையும் எழுதினேன். ஒரு நிழற்குடை நன்றாகக் கட்டியிருந்தார்கள், கிரானைட் இருக்கை. ஆனால் பஸ் நிற்பது ஐம்பதடி தள்ளிப் புளியமரத்தடியில். சனமும் அங்கேதான் நிற்கிறது. நிழற்குடையில் ஒருவர் ராகி காயவைத்திருந்தார். இதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியாமல் ஓரத்தில் எழுதினேன்.

நான்காவதாக ஒரு பத்தியை நானே சேர்த்தேன்: 'யார் கையில்?' மக்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டால் முதலில் வருவது தருமபுரி–மொரப்பூர் ரயில், அடுத்தது தொப்பூர் கணவாய் விபத்து. ரயில் மத்திய அரசு. தொப்பூர் வழியாகப் போவது தேசிய நெடுஞ்சாலை, அதுவும் மத்திய அரசு. நிலம் எடுப்பது போன்றவற்றில் மாநிலத்துக்கு வேலை உண்டு, எம்.எல்.ஏ. குரல் கொடுக்கலாம், அழுத்தலாம்; ஆனால் ரயில் விடாததற்கு அவரை மட்டும் நிற்கவைத்துக் கேட்பது நியாயம் இல்லை. தெருக் குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வரவில்லை என்பது வேறு. 2013இல் திறந்த திட்டம் அது, ஃப்ளோரைடு தண்ணீரால் பல்லும் எலும்பும் கெட்ட ஊர்களுக்காகவே வந்தது, அதைக் கேட்க அவருக்கு முழு உரிமையும் கடமையும் உண்டு. இப்படிப் பிரித்துப் போட்டதும் பாதிக் கோபம் முகவரி மாறிவிட்டது.

சரி, மற்ற நான்கு நோட்டுகள். ஒன்றில் அட்டை தவிர எதுவும் இல்லை என்று உரியவரே சொன்னார், நேர்மைக்கு நன்றி. இன்னொன்றில் பேரனின் கணக்குப் பாடம் இருப்பதாகத் தகவல். மூன்றாமவர் மகன் வீட்டுக்கு ஓசூர் போனவர் நோட்டோடு போய்விட்டார், போன் எடுப்பதில்லை. நான்காவது, மேலே சொன்ன அரூர் நோட்டு.

இதனால் என்ன ஆனது என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள். ஒரே ஒரு தொகுதியின் நோட்டு மட்டும் 142 பக்கம் நிரம்பி என் பீரோவில் இருக்கிறது. அதை மட்டும் வெளியிட்டால், அந்த எம்.எல்.ஏ. எந்தக் கட்சியோ அந்தக் கட்சிக்கு நாம் எதிரி, அல்லது ஆள். ஐந்தும் சேர்ந்தால்தான் அது சங்கத்தின் வேலை. தனியாக வந்தால் செயலாளரின் சொந்த விவகாரம். அதனால்தான் எந்தத் தொகுதி என்றுகூட இந்த அறிக்கையில் நான் எழுதவில்லை. ஓராண்டு உழைப்பு இப்படிப் பூட்டிக் கிடப்பது எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறையச் சரியாக இருக்கின்றன. கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, கேட்டால் காட்டுவார். 'நகல், பயணம், இதர' என்ற தலைப்பில் தொகை கூடியிருப்பது பற்றிக் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். நகல் என்பது மேலே சொன்ன நகல். பயணம் என்பது பெட்ரோல். டீ என் கைக்காசு. 64 உறுப்பினர்களில் 38 பேர் சந்தா பாக்கி, சிலர் இரண்டாண்டுப் பாக்கி. கேள்வி எழுப்பியவரும் அந்த 38இல் ஒருவர் என்பதைக் குறையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொல்கிறேன். இன்று இங்கே வந்திருப்பவர்கள் 19 பேர்.

கூட்டம் நடத்த இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், தணிக்கை செய்து கொடுத்தவருக்கும், சங்கப் பதிவாளர் அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய உடன் வந்த இணைச் செயலாளருக்கும், மைக் செட் தந்தவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு எனக்கு இந்தப் பொறுப்பு வேண்டாம் என்று தலைவரிடம் சொல்லிவிட்டேன். கண்ணும் முன்போல் இல்லை, நேரலை பார்த்தால் தலை வலிக்கிறது. ஆனால் 2026 சட்டமன்றத் தேர்தலுக்கு இனி ஓராண்டுதான். வேட்பாளர்கள் வாக்குறுதியோடு வரும்போது நம் கையில் ஐந்து நோட்டும் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் யாராவது இருந்தால், நான் ஆறு மாதம் கூட இருந்து சொல்லித் தரத் தயார். ஆறு மாதம் போதாது என்று பொதுக்குழு கருதினால் அதையும் யோசிக்கலாம். புதிய நோட்டுகள் நான்கு கதவுப் பக்கத்து மேசையில் இருக்கின்றன. எடுப்பவர்கள் பக்கத்தில் உள்ள பேரேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு எடுக்கவும். சந்தா ரசீதுப் புத்தகமும் அதே மேசையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்

பின்குறிப்பு: அரூர் நோட்டு தொலைந்திருந்தால் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். அட்டை மட்டும் கிடைத்தாலும் கொண்டுவாருங்கள், பெயரை மறுபடி எழுதும் வேலை மிச்சம்.