முன்னங்கால் வரை சொன்னாய்

அன்புள்ள கண்ணம்மா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்பைவிடத் தேவலை. தம்பி வழக்கம்போலத்தான். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

கால்நடை மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு வகுப்பில் செத்த பிராணியின் முன்னங்காலைப் பிரித்த அன்று ராத்திரியே போன் பண்ணினாய். "அப்பா, மூட்டே இல்லாம கழன்று வந்துடுச்சு!" என்றாய். மாட்டுக்கும் குதிரைக்கும் காறை எலும்பே கிடையாது, உடம்பின் பாரம் முழுக்க இரண்டு தோள்களுக்கு நடுவே தசையில்தான் தொங்குகிறது, பூனைக்கு மட்டும் ஒரு சின்னத் துணுக்கு தசைக்குள்ளே மிதக்கிறது என்று நீயே கண்டுபிடித்ததுபோல மூச்சுவிடாமல் சொன்னாய். நான் பாதித் தூக்கத்தில் இருந்த அம்மாவை எழுப்பிச் சொன்னேன். அதற்கப்புறம் கழுத்து வந்திருக்கும், நெஞ்சு வந்திருக்கும், இந்நேரம் வயிற்றையும் திறந்திருப்பீர்கள். ஒரு வார்த்தை இல்லை. "நல்லா போகுதுப்பா" என்று வைத்துவிட்டால் நான் என்னவென்று புரிந்துகொள்வது?

காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் கூடத்துக்குப் போகிறாயா? வெறும் வயிற்றில், உடலைக் கெடாமல் வைக்கிற ஃபார்மலின் நெடி தாங்காது. கண் எரிந்தால் வெளியே வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போ, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம், மூக்குக்கண்ணாடியே போதும். கையுறை கிழிந்தால் உடனே மாற்று.

லீவுக்கு வந்திருந்தபோது உன் நோட்டைப் பார்த்தேன். கோபித்துக்கொள்ளாதே, மேஜைமேல் திறந்து கிடந்தது. கட்டம் கட்டமாகப் போட்டிருந்தாய். விலா: மாடு 13 ஜோடி, குதிரை 18, நாய் 13, பன்றி 14 அல்லது 15. இடுப்பு முள்ளெலும்பு: மாடு 6, குதிரை 6, நாய் 7. எல்லாம் சரி, கையெழுத்தும் அழகு. ஆனால் அந்தப் பக்கத்தில் எண்தான் இருக்கிறது, ஒரு மாடுகூட இல்லை, கண்ணம்மா. ஐந்து பிராணிகளை ஐந்து தடவை மனப்பாடம் செய்ய யாராலும் முடியாது. பழைய பாடநூல்கள் குதிரையை முழுசாகச் சொல்லிவிட்டு, மற்றவற்றில் வேறுபாட்டை மட்டும் சொல்லும். 1762இல் லியோனில் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியைத் திறந்த பூர்ஷெலா குதிரையேற்ற ஆசிரியராக இருந்தவர், அங்கேயும் குதிரைதான் பிரதானம். நீ மாட்டை அடிப்படையாக வைத்துக்கொள். அதை முழுசாகப் படி. வேறுபடும் இடம் வந்தால் நின்று ஏன் என்று கேள். அவ்வளவுதான்.

மாட்டின் இடது சிறுநீரகம் நடுக்கோட்டைத் தாண்டி ஏன் வலப்பக்கம் போய்க் கிடக்கிறது? இடப்பக்கம் முழுவதையும் ரூமென் என்கிற பெரிய இரைப்பை அறை பிடித்துக்கொண்டு அதைத் தள்ளிவிடுகிறது. அதே காரணத்தால்தான் உப்புசம் கண்ட மாட்டுக்கு இடப்பக்கம், விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் காற்றை வெளியேற்ற ட்ரோக்கார் என்கிற குழாய் ஊசியைக் குத்துகிறோம். குதிரைக்குத் தீனி நொதிக்கிற இடம் சீக்கம் என்கிற பெருங்குடலின் முதல் பை, அது வலப்பக்கம், அதனால் அங்கே வலப்பக்கம். குதிரையின் இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும், நிரம்பினாலும் வாந்தி எடுக்க அதனால் முடியாது. வயிற்றுவலி என்று கூப்பிட்டால் முதலில் மூக்கு வழியாகக் குழாயை விடுவது அதற்குத்தான். கழுத்துச் சிரையில் குதிரைக்கு ஊசி போடுவதை மேல் பாதியில் வைத்துக்கொள்கிறோம். அங்கே சிரைக்கும், தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனிக்கும் நடுவில் ஓமோஹையாய்டியஸ் தசை கிடக்கிறது. கீழே இறங்கினால் அந்த மறைப்பு இல்லை, ஊசி தமனியில் பட்டுவிடலாம். இதையெல்லாம் நான் எந்தக் கட்டத்திலும் எழுதி வைத்ததில்லை, ஆனால் இன்றுவரை மறக்கவில்லை.

அத்தை வீட்டுப் பசு சிவப்பியை உனக்கு ஞாபகம் இருக்கும். முதுகை வளைத்து, முன்னங்காலை அகட்டிக்கொண்டு நின்றாளே. "கம்பியை முழுங்கினா வயித்துலதானே இருக்கணும், நெஞ்சுக்கு எப்படிப்பா போச்சு?" என்று நீ கேட்டாய். நீ அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. அன்று சரியாகச் சொல்ல நேரமில்லை, நாளைக்கு நீயே கையை வைத்துப் பார். இரைப்பையின் முன் அறையான ரெட்டிகுலத்துக்கு முன்னால் உதரவிதானம், அதற்கு முன்னால் உடனே இதய உறை. இடையில் உள்ள தூரத்தை உன் விரலாலேயே அளந்துவிடலாம். அந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளை விலாவை எண்ணிக்கொண்டு கலங்கி உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

உன் அறைத்தோழியின் அப்பா போனில் பேசினார். இன்டர்னல் மார்க் வந்துவிட்டதாமே. நான் தெரிந்ததுபோலவே "ஆமாம், ஆமாம்" என்றேன். பிறத்தியார் சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டுமா? வேறு படிப்புக்கு மாற முடியுமா என்று தம்பியிடம் விசாரித்தாய் என்பதும் தெரியும். அவனைத் திட்டாதே, நான்தான் குடைந்து கேட்டேன்.

உனக்கு இந்தப் படிப்பே பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடு. ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். அப்பா டாக்டர் என்பதற்காக நீ மாட்டின் பின்னால் போகவேண்டும் என்று ஒன்றும் இல்லை. உன்னை அழைத்துக்கொண்டு கொட்டகை கொட்டகையாகப் போனதால் உனக்கு வேறெதையும் பார்க்கவிடாமல் செய்துவிட்டேனோ என்று சில ராத்திரி தோன்றுகிறது. ஆனால் மனப்பாடம் நிற்கவில்லை என்பதற்காக விடாதே. அது படிக்கிற முறையின் கோளாறு. உனக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் அந்த முன்னங்கால் போனை நினைத்துக்கொள்.

எலும்பு அறையில் கேட்டால் சாயங்காலத்தில் எலும்பு கொடுப்பார்கள். நாலைந்து தோள்பட்டை எலும்புகளைக் கலந்து வைத்துக்கொண்டு கண்ணை மூடித் தடவிப் பார். மாட்டிலும் நாயிலும் அந்த எலும்பின் மேட்டு முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் அக்ரோமியன் விரலில் தட்டுப்படும், குதிரையிலும் பன்றியிலும் இருக்காது. புத்தகத்தை அப்புறம் திற. சாப்பிட்டுவிட்டுப் போ.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு. வயிற்றில் எதுவரை வந்திருக்கிறீர்கள் என்று சொன்னால் போதும், எண் எதுவும் கேட்கமாட்டேன். மார்க் விஷயத்தை அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா