எந்தச் சூட்டில் என்று சேர்த்து எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மாணவர் பக்கத்தில் தனிமங்களைப் பற்றி வந்த கட்டுரையை வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தேன். ஒரு கிராம் தங்கத்தை ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் பரப்புக்குத் தட்டி விரிக்கலாம் என்ற வரியில் பிள்ளைகள் அசந்துபோனார்கள். ஆனால் கடைசியில் "உலோகம் தகடாகும், அலோகம் நொறுங்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அது போதாது.

பிஸ்மத்தும் உலோகம்தான். சுத்தியலால் ஒரு போடு போட்டால் சில்லுச் சில்லாகப் போகும். துத்தநாகம் இன்னும் விசித்திரம். சாதாரண வெப்பநிலையில் அடித்தால் விரிசல் விடும். 100 முதல் 150 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் அழகாகத் தகடாகும். 200 டிகிரியைத் தாண்டிச் சூடேற்றினால் மறுபடியும் நொறுங்க ஆரம்பிக்கும். எல்லாம் அணுக்கள் அடுக்கியிருக்கும் விதத்தால் வருவது. தங்கத்தில் அணு அடுக்குகள் பல திசைகளில் வழுக்கி நகரும், பிணைப்பு விட்டுப்போகாது. குளிர்ந்த துத்தநாகத்தில் ஒரே வகைத் தளத்தில்தான் அந்த நகர்வு சுலபம். சூடேறினால் மற்ற தளங்களும் வழிவிடும்.

நீலகிரியில் இருக்கும் எங்களுக்கு, பாத்திரத்துக்குப் பூசுகிற வெள்ளீயத்தின் (டின்) கதை முக்கியம். 13.2 டிகிரிக்குக் கீழே அது சாம்பல் நிற வடிவத்துக்கு மாறக்கூடியது. மாறும்போது பருமன் கால் பங்குக்கு மேல் கூடுவதால் பொடியாக உதிரும். "ஊட்டியில் ஜனவரி ராத்திரி உறைபனியே விழுகிறதே, வெள்ளீயம் பூசிய பாத்திரம் என்ன ஆகும்?" என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். எவ்வளவு நல்ல கேள்வி! இந்த மாற்றம் தொடங்குவதற்கே நெடுங்காலம் ஆகும். பூஜ்யத்துக்குக் கீழே 30, 40 டிகிரி குளிரில்தான் அது வேகமெடுக்கும். அப்புறம், கொஞ்சம் காரீயமோ ஆன்டிமனியோ பிஸ்மத்தோ கலந்திருந்தால் மாற்றம் தடைபட்டுவிடும். தான் நொறுங்குகிற பிஸ்மத், வெள்ளீயத்தை நொறுங்காமல் காக்கிறது. இதைச் சொன்னபோது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அலோகத்திலும் இப்படி உண்டு. தேயிலையைத் தாக்கும் செஞ்சிலந்திக்கு மருந்தாக அடிக்கிற கந்தகம், கட்டியாக இருந்தால் தட்டியதும் பொடிபடும். அதையே உருக்கி, நன்றாகச் சூடேற்றிக் குளிர்ந்த நீரில் ஊற்றினால் ரப்பர் போல இழுபடும். சில நாளில் பழையபடி ஆகிவிடும்.

இந்த மலையில் கோத்தர் பழங்குடிக் கொல்லர்கள் தலைமுறை தலைமுறையாக அரிவாளும் மண்வெட்டியும் அடித்துக் கொடுத்தவர்கள். இரும்பை எந்தச் சூட்டில் அடிக்க வேண்டும் என்பது உலைக்களத்தில் நிற்கிற எவருக்கும் முதல் பாடம். பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் சூட்டை விட்டுவிட்டுச் சொல்லித் தருவானேன்?

அடுத்த இதழில் ஒரு சிறு பெட்டிச் செய்தியாகவாவது துத்தநாகம், வெள்ளீயம், கந்தகம் மூன்றையும் வெப்பநிலையோடு போடுங்கள். கந்தகச் சோதனையைப் படத்தோடு வெளியிட்டால் இன்னும் நல்லது. அதை ஆசிரியர்தான் செய்துகாட்ட வேண்டும், ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்ய வேண்டும் என்பதையும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
கோத்தகிரி