கிணற்று உவரும் தேசிய பாதுகாப்புச் சபைக்குப் போகட்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

தேசிய பாதுகாப்பு என்றால் ரோந்து, சோதனைச் சாவடி, புலனாய்வு என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. 2022இல் இலங்கையை முடக்கியது எந்தப் படையுமல்ல. டொலர் தீர்ந்து எரிபொருளும் மருந்தும் இல்லாமற் போனதுதான். அப்படிப் பார்த்தால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் நோகும் இடம் நிலத்தடி நீர்.

இங்கே வற்றாத ஆறில்லை. வழுக்கியாறும் மாரியில்தான் ஓடும். சுண்ணக்கல்லில் தேங்கும் மழைநீர் உவர்நீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு இருக்கும் என்பது கணக்கு. ஓயாத இறைப்பால் மட்டம் அரை அடி இறங்கி அப்படியே நின்றால், அடியில் உவர் 20 அடி ஏறப் பார்க்கும். ஒரு மாரி அதைச் சரிக்கட்டாது. தோட்டத்து யூரியாவும் மலசலகூடக் குழியும் சேர்க்கும் நைத்திரேற்று வேறு. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமே எல்லை. கொதிக்கவைத்தால் அது போகாது, செறிவு கூடும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீடுகள் இதை அறிந்திருக்க வேண்டும்.

பொறுப்போ சிதறிக் கிடக்கிறது: குழாய்நீர் ஒரு சபையிடம், நிலத்தடி நீராய்வு இன்னொரு சபையிடம், பசளை கமநல சேவையிடம், குழி பிரதேச சபையிடம். சுன்னாகக் கிணறுகளில் மின் நிலையத்துக் கழிவு எண்ணெய் கலந்த விவகாரத்தில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வர 2019 ஆயிற்று. எதிரி ஒருவன் ஊற்றியிருந்தால் இவ்வளவு காலம் பொறுத்திருப்பார்களா?

செலவு பெரிதல்ல. கிராம அலுவலர் பிரிவுக்கு இரண்டு கிணறு போதும். மாதமொருமுறை, விடிய மோட்டர் போடமுன், நீர்மட்டத்தையும், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனையும் அளக்கவேண்டும். இறைத்த பிறகு எடுத்த மட்டம் பிழையாகும். வாளியில் அள்ளிய மேல்நீரும் ஏமாற்றும், உவர் அடியில் அல்லவா நிற்கிறது. அளவுமானியின் முனையை அடிவரை இறக்கவேண்டும். நைத்திரேற்றை மாரிக்கு முன்பும், முதல் பெருமழை தோட்டத்துப் பசளையைக் கழுவி இறக்கிய பின்பும் பார்த்தால் நல்லது.

தாழையடிக் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறதே என்பார்கள். நாளுக்கு 24,000 கனமீற்றர் தரக்கூடியது, நல்ல விடயம். மின்சாரம் நின்றால் அதுவும் நிற்கும். 2022இன் மின்வெட்டு மறந்துபோயிற்றா?

அளவு எல்லை தாண்டினால் இறைப்பு நேரத்தைக் குறைக்கவும் தண்ணீர்ப் பவுசர் அனுப்பவும் உத்தரவிடும் அதிகாரம் மாவட்டச் செயலாளர் ஒருவரிடமே இருக்கவேண்டும். அந்த அளவுகள் மாதாமாதம் தேசிய பாதுகாப்புச் சபையின் நிகழ்ச்சி நிரலில் ஏறவேண்டும்; அங்கே நீர்வளம் தெரிந்த ஒருவருக்கும் கதிரை போடுங்கள்.

வாசகர்,
உரும்பிராய்.