நந்தியாவட்டை இலையில் மூன்று முட்டை

வெள்ளவத்தை
ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ராசமணி,

உன் கடிதம் கிடைத்து இரண்டு கிழமை ஆகப்போகிறது. பதில் பிந்தியதற்கு முழங்கால் காரணமில்லை, அது இப்போது பரவாயில்லை. ஒரு முட்டை பொரிக்கும்வரை காத்திருந்தேன். பொரித்த பிறகும் எழுதாமல் அதையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். உன்னைத் தவிர வேறு யாருக்கும் இதை எழுதத் தோன்றவில்லை.

என் பல்கனி நந்தியாவட்டை உனக்கு நினைவிருக்கும். போன தடவை வந்தபோது பூசைக்கு அதில்தான் பூப் பிடுங்கினாய். கடல் உப்புக்காற்றில் மற்றச் செடிகளெல்லாம் கருகிப்போக இது மட்டும் தழைத்து நிற்கிறது. பதினொரு நாளுக்கு முன், மைமல் நேரம், சிறு குருவி அளவான ஒரு பூச்சி அந்தச் செடியைச் சுற்றிக்கொண்டிருந்தது. இலையில் அது இருக்கவேயில்லை. பறந்தபடியே ஓர் இலையின் அடியில் வயிற்று நுனியை ஒற்றும், உடனே விலகும், இன்னோர் இலைக்குப் போகும். இறகில் பச்சையும் வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்து, பளிங்குக் கல்லில் ஓடும் வரிகள் மாதிரி இருந்தன. அலரியும் நந்தியாவட்டையும் தின்று வளரும் அந்துப்பூச்சி இனம் அது. நாங்கள் சின்னப்பிள்ளைகளாக இருந்தபோது தொடாதே, பால் விஷம் என்று பயமுறுத்திய அதே அலரிதான். அதன் புழுவுக்கு அந்த விஷம் ஒன்றும் செய்வதில்லை.

அது போனதும் டோர்ச் அடித்துத் தேடினேன். மூன்று முட்டை கிடைத்தது. மூன்றும் வேறு வேறு இளம் இலைகளின் அடியில், ஒவ்வொன்றாக. ஒன்றரை மில்லிமீற்றர் இருக்கும், கடுகை விடச் சற்றுச் சிறியது. இலையின் நிறத்திலேயே வெளிர்பச்சையாக இருந்தால் எப்படித் தெரியும், சொல். அந்தக் கொப்புகளை வெட்டி, தண்ணீர் விட்ட சின்னப் போத்தலில் வைத்து, வாயைப் பஞ்சால் அடைத்தேன். பஞ்சு இல்லாவிட்டால் பொரித்து வரும் புழு இறங்கிப்போய்த் தண்ணீரில் விழுந்து செத்துப்போகும். முட்டையில் தண்ணீர் தெளிக்கவும் கூடாது. கோதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, உள்ளே இருப்பது அவற்றின் வழியேதான் மூச்செடுக்கிறது. ஈரம் நின்றால் பூஞ்சணமும் பிடிக்கும்.

மகன் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது போனில் கொழுவும் சின்ன லென்ஸ் ஒன்று தந்துவிட்டுப் போனான். இவ்வளவு நாளும் அலுமாரியில் கிடந்தது. அதைப் போட்டுப் பார்த்தபோதுதான் முட்டையின் கோது வழவழப்பாக இல்லாமல், நுணுக்கமாகப் புள்ளி குத்தினது போல இருந்ததைக் கண்டேன்.

நாலாம் நாள் ஒரு முட்டை கறுக்கத் தொடங்கியது. புழு வரப்போகிறது என்று சந்தோஷப்பட்டேன். ஒன்பதாம் நாள் அதில் ஊசி குத்தியது போல ஒரு வட்ட ஓட்டையும், பக்கத்தில் அரை மில்லிமீற்றர்கூட வராத ஒரு குளவியும். தாய்ப்பூச்சி இட்ட கொஞ்ச நேரத்திலேயே அந்தக் குளவியின் தாய் வந்து முட்டைக்குள் முட்டையிட்டிருக்கவேண்டும். முதலில் எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. பிறகு உன் தம்பியின் சோளம் நினைவுக்கு வந்தது. 2018 கடைசியில் சேனாப் புழு வந்து அவன் வயலைத் தின்று முடித்த கதையை நீ போனில் அழாக்குறையாகச் சொன்னாய். அந்தப் படைப்புழுவின் தாய் நூற்றுக்கு மேல் முட்டைகளைக் குவியலாக இட்டு, தன் உடம்புச் செதிலாலேயே மூடிவிட்டுப் போகும். அந்த முட்டைக்கும் இதே மாதிரிக் குளவிகள் எதிரி. ஆகவே தம்பியிடம் சொல்: இலையில் முட்டைக் குவியலைக் கண்டால் நசுக்க முதல் நிறத்தைப் பார்க்கட்டும். முழுக்கக் கறுத்துப்போயிருந்தால் விட்டுவிடட்டும். அதற்குள் இருப்பது புழுவாக இல்லாமல், அவனுக்கு உதவிக்கு வரும் குளவியாக இருக்கக்கூடும்.

மற்ற இரண்டு முட்டைகளும் மூன்றாம் நாள் பின்னேரம் மஞ்சளடித்தன. கோது கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே சுருண்டு கிடந்த உடம்பு தெரிந்தது. தலைப்பக்கம் இரண்டு பழுப்புப் புள்ளிகள் ஒன்றையொன்று நெருங்குவதும் விலகுவதுமாக இருந்தன. தாடை நுனிகள். வெளியே வர முதலே வாய் வேலை செய்யத் தொடங்கிவிட்டது, ராசமணி! நான் அன்றிரவு நித்திரை கொள்ளவில்லை. கதிரையை மேசையடியில் இழுத்துப்போட்டுக்கொண்டு இருந்தேன்.

விடிய ஐந்தே கால். முதல் ரயில் கடற்கரைப் பக்கமாக இரைந்துகொண்டு போனது, போத்தலில் தண்ணீர் மெல்ல நடுங்கியது. அந்த நேரம் கோதின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு கீறல். முட்டை வெடிக்கும், புழு துள்ளி வரும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி எதுவும் இல்லை. அது உள்ளிருந்து கடித்தது. ஒரு கடி, பிறகு நீண்ட ஓய்வு, பிறகு இன்னொரு கடி. ஓட்டை தலை போகுமளவு வர அரை மணிக்கு மேல் எடுத்தது. தலை வந்து பார்த்தது, திரும்ப உள்ளே போனது. இன்னும் கொஞ்சம் அகலமாக்கியது. தலை கெட்டியானது, உடம்பு போல அமுங்காது. அதனால் தலைக்கு அளந்து ஓட்டை வெட்டினால் மற்றதெல்லாம் தானாக வரும்.

தலையும் மூன்று சோடிக் கால்களும் வெளியே வந்தபின் இலையைப் பிடித்துக்கொண்டு உடம்பை இழுத்தது. பின்பக்கத்துச் சதைக்கால்களில் நுண்ணிய கொக்கிகள் உண்டு, அவை இலையில் மாட்டிக்கொண்டன. கடைசியில் வந்தது கொம்பு. இந்த இனப் புழுக்களுக்கு வால் பக்கத்தில் ஒரு கொம்பு இருக்கும். முட்டைக்குள் இடமில்லாமல் முதுகோடு மடிந்து கிடந்த அது, வெளியே வந்ததும் ஈரத்துணி காய்வது போல மெல்ல மெல்ல நிமிர்ந்தது. மூன்று நாலு மில்லிமீற்றர் உடம்புக்கு அவ்வளவு நீளமான கொம்பு தேவையா என்று இருந்தது. மறுநாள் பார்க்கும்போது நல்ல கறுப்பு. உடம்பு கடும் மஞ்சள்.

வந்த களைப்பில் இலையைத் தின்னும் என்று பார்த்தால், திரும்பி நின்று தான் விட்டுவந்த கோதைத் தின்னத் தொடங்கியது. ஓரத்திலிருந்து அப்பளம் கடிப்பது போல. பாதிக்கு மேல் முடித்துவிட்டுத்தான் இலைக்குப் போனது. முதல் இலை இறங்கியதும் மஞ்சள் உடம்புக்குள் பச்சை ஓடுவது தெரிந்தது. தோல் அவ்வளவு மெல்லியது.

அடுத்த முட்டை அன்று மத்தியானம் நான் கறிக்கு அரிந்துகொண்டிருந்தபோது பொரித்துவிட்டது. அதைக் காணக் கிடைக்கவில்லை, இன்னமும் மனம் ஆறவில்லை.

நான் நூலகத்தில் வேலை செய்த காலத்தில், 1880களில் லண்டனில் அச்சான இலங்கைப் பூச்சிப் படங்களின் மூன்று தொகுதிகளைப் பார்த்திருக்கிறேன். பேராதனைத் தோட்டத்தில் ஓவியராக இருந்த ஹர்மானிஸ் டி அல்விஸின் பிள்ளைகள் வரைந்தவை. பூச்சியை மட்டும் வரையாமல் அதன் புழுவையும் சேர்த்து வரைந்திருப்பார்கள். அன்று அழகான படம் என்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன். லென்ஸும் போனும் இல்லாத காலத்தில் அவர்கள் எத்தனை நாள் இப்படிக் காத்துக்கிடந்திருப்பார்கள் என்று இப்போதுதான் விளங்குகிறது.

சரி, ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று சொல்கிறேன். சாவகச்சேரி வீட்டு முருங்கையில் மயிர்க்கொட்டி அப்பிக்கிடந்த வருஷம் நினைவிருக்கிறதா? அம்மா தென்னோலைச் சூள் கொளுத்தித் தண்டோடு பிடிக்க, நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று கைதட்டினோம். பொசுங்கும் சத்தமும் மணமும் இன்னும் எனக்குள் இருக்கிறது. நீ மட்டும் உள்ளே வரமாட்டேன் என்று படலையடியில் நின்றாய். உனக்கு எட்டு வயது. அவ்வளவு பேரும் எங்கேயிருந்து வந்தவை என்று கேட்டாய். யாரும் பதில் சொல்லவில்லை. நான் உன்னைப் பயந்தாங்கொள்ளி என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அம்மா செய்ததில் பிழை சொல்லமாட்டேன், என் தம்பிக்கு உடம்பெல்லாம் தடித்து இரண்டு நாள் கிடந்தான். ஆனால் உன் கேள்வி சரியான கேள்வி. ஒரு தாய்ப்பூச்சி கூட்டமாக இட்ட முட்டைகள், ஒவ்வொன்றும் இப்படி உள்ளிருந்து கடித்துக் கடித்து வழி வெட்டி வந்தவை. அறுபத்தாறு வயதில் பதில் தருகிறேன். பயந்தாங்கொள்ளி என்றதற்கு மன்னித்துக்கொள்.

இன்று என் புழு இரண்டு தோல் கழற்றிவிட்டது. பச்சை நிறத்துக்கு மாறி, தலைக்குப் பின்னால் இரண்டு கண் மாதிரிப் பொட்டுகள் வரத் தொடங்கியிருக்கின்றன. உண்மையான கண் அவையல்ல. உண்மையான கண்கள் தலையின் இரு பக்கமும் ஆறு ஆறாக, மணல் அளவில் இருக்கின்றன. மொத்தம் ஐந்து பருவம். இதன் அமெரிக்க உறவு ஒன்று, புகையிலை தின்பது, மூன்று கிழமைக்குள் பொரித்தபோது இருந்த எடையைப் போல் ஏறக்குறைய 10,000 மடங்கு ஆகுமாம். என் நந்தியாவட்டை என்ன பாடு படப்போகிறதோ. பூசைக்குப் பூ இனிச் சந்தையில்தான்.

உன் கிணற்றடியிலும் நந்தியாவட்டை நிற்கிறது. விடியக் காலையில் இளம் இலைகளைத் திருப்பிப் பார். கண்டால் கையால் எடுக்காதே, இலையோடு வெட்டு. புழு வந்த பிறகு மாற்றவேண்டுமென்றால் மெல்லிய தூரிகையில் ஏறவிட்டு மாற்று. லென்ஸ் ஒன்று இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். உன் பேத்தி போனில் கொழுவித் தருவாள்.

அன்புடன்,
பத்மா