ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குப் பசித்தால்: எங்கள் ஊர் உணவக உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடியிலும் சுற்று வட்டாரத்திலும் மெஸ், ஹோட்டல், டீக்கடை நடத்தும் அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் வாடிக்கையாளர்களில் நானும் ஒருத்தி. பிறந்தது மானாமதுரைப் பக்கம். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பள்ளிக்கூடத்தில் வேலை. திங்கள் முதல் சனி வரை அடுப்பும் சாக்பீசுமாகப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் அடுப்பை மூடிவிட்டு, வீட்டோடு கிளம்பி வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவது என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். அந்த வழக்கத்தை முன்னிட்டுத்தான் இந்த மடல்.

உங்கள் மதியச் சாப்பாட்டைப் பற்றி எனக்குப் பெரிய புகார் கிடையாது. இலை பெரியதாக இருக்கிறது; சோற்றைக் கணக்குப் பார்த்துப் போடுவதில்லை; சுக்காவும் நண்டு மசாலாவும் கேட்ட மாத்திரத்தில் வருகின்றன. ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வெளியூர்க்காரர்கள் ‘செட்டிநாடு’ என்றால் காரம் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள் என்பதற்காக, நீங்களும் ஆண்டுக்கு ஆண்டு காரத்தை ஏற்றிக்கொண்டே போகிறீர்கள். கல்பாசி ஒரு சிட்டிகை போட வேண்டிய சாமான். சில இடங்களில் அதைக் கைப்பிடியாக அள்ளிப் போட்டது போல மணக்கிறது. உப்புக்கறியில் ஆட்டுக்கறியைத் தவிர என்ன இருக்கிறது? வரமிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, உப்பு. அவ்வளவுதான். பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்து முண்டு மிளகாய் 2023இல் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது. அந்த மிளகாயின் ருசி தெரிய வேண்டுமானால் அதன்மேல் பத்துப் பொடியைக் கொட்டக் கூடாது. இது போகிற போக்கில் சொன்னது. என் வழக்கு வேறு.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து என் நாத்தனார் குடும்பம் வந்திருந்தது. காலையில் பிள்ளையார்பட்டி. மதியம் உங்களில் ஒருவரிடம்தான் சாப்பாடு. பிறகு ஆத்தங்குடி, கானாடுகாத்தான் என்று பழைய செட்டிநாட்டு வீடுகளையெல்லாம் பார்த்துவிட்டு ஊருக்குள் திரும்பும்போது மணி ஐந்து. பிள்ளைகளுக்குப் பசி. பெரியவர்களுக்கும் பசிதான், வாய்விட்டுச் சொல்லவில்லை. நாத்தனார் கேட்டார்: “அண்ணி, வெள்ளைப் பணியாரம் என்பீர்களே, அதை இங்கேயே சூடாகச் சாப்பிட்டுவிட்டுப் போகலாமா?”

முதல் கடையில் அரை ஷட்டர் இறக்கியிருந்தது. உள்ளே ஒரு பையன் நாற்காலிகளை மேஜைமேல் கவிழ்த்துக்கொண்டிருந்தான். “சாப்பாடு முடிந்துவிட்டது அக்கா. பரோட்டா ஏழு மணிக்கு.” இரண்டாவது கடை திறந்திருந்தது. அங்கே கோபி மஞ்சூரியனும் ஃபிரைட் ரைசும் உண்டு. மூன்றாவது கடையில் பணியாரம் என்ற சொல்லுக்கே சர்வர் சிரித்துவிட்டார். முதல் நாளே சொல்ல வேண்டுமாம், குறைந்தது ஐம்பது எடுத்துக்கொள்ள வேண்டுமாம். ஏழு பேர் ஐம்பது வெள்ளைப் பணியாரம் தின்றால் கோயம்புத்தூருக்கு எப்படிப் போய்ச் சேருவார்கள்? கடைசியில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பேக்கரியில் பப்ஸ் வாங்கிக் கொடுத்தேன். காரைக்குடிக்கு வந்த விருந்தாளிக்கு முட்டை பப்ஸ்! என் மாமியார் உயிரோடு இருந்திருந்தால் ஒரு வாரம் என்னிடம் பேசியிருக்க மாட்டார்.

உங்களிடம் பலகாரமே இல்லை என்று நான் சொல்லவில்லை. தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை, அதிரசம், மாவுருண்டை எல்லாம் கிடைக்கின்றன. வெளியூர்க் காரின் டிக்கியில் ஏறி, சென்னைக்கும் பெங்களூருக்கும் போகின்றன. விமானம் ஏறிச் சிங்கப்பூருக்கும் போகின்றன. நல்ல வியாபாரம், நடக்கட்டும். ஆனால் கவனித்துப் பாருங்கள். பத்து நாள் கெடாத பலகாரத்துக்கெல்லாம் ஊரில் கடை இருக்கிறது. ஆறிப்போனால் ருசி போய்விடுகிற பலகாரத்துக்குத்தான் கடை இல்லை. வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், மசாலாச் சீயம், பால் பணியாரம், கவுனி அரிசி, கும்மாயம்: இவற்றுள் எதையும் பொட்டலம் கட்டி அனுப்ப முடியாது. வந்து உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். வந்து உட்காருகிறவன் ஊர்க்காரன். ஆக, ஊரைவிட்டுப் போகிறவனுக்கு டின் டின்னாக இருக்கிறது, ஊரில் இருக்கிறவனுக்கு ஐந்து மணிக்கு ஒன்றும் இல்லை.

வெள்ளைப் பணியாரத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டு ஆச்சி. ஆழாக்கில் பச்சரிசியைத் தலை தட்டி அளப்பார். அதன்மேல் நிற்கிற மட்டும் உளுந்தைக் கோபுரமாகக் குவிப்பார். அளவு அவ்வளவுதான், வேறு தராசு கிடையாது. இரண்டையும் ஒன்றாக இரண்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீர் அதிகம் காட்டாமல் வெண்ணெயாக ஆட்டி எடுப்பார். உப்பு, ஒரு சிட்டிகைச் சர்க்கரை, இளக்குவதற்குக் கொஞ்சம் பால். புளிக்க விடவே கூடாது, ஆட்டிய கையோடு சுட வேண்டும். காய்ந்த எண்ணெயின் நடுவில் ஒரு கரண்டி மாவை ஊற்றுவார். அது அடியில் போய் ஒரு கணம் யோசித்துவிட்டு மேலே வரும். ஓரம் மட்டும் மெல்லியதாக விரிந்து, நடு உப்பி நிற்கும். மேலே எண்ணெயை இரண்டு தரம் தெளித்து, ஒரு திருப்பு, உடனே எடுத்துவிடுவார். பழுப்பு ஏறினால் அதைத் தட்டில் வைக்க மாட்டார், தனியாக ஒதுக்கிவிடுவார். ஒரு நேரத்தில் ஒன்றுதான் சுட முடியும். அது என் தட்டில் விழுந்ததும், நான் ஏதாவது பேச வாயெடுத்தால் ஆச்சிக்குக் கோபம் வந்துவிடும். “முதலில் தின்று முடி, கதையை அப்புறம் வைத்துக்கொள்” என்பார். அவர் சொன்னது சரி. வெளியே காகிதம் போல மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. ஐந்து நிமிஷம் போனால் இரண்டும் ஒன்றாகித் தோலாக இழுக்கும்.

இப்போது ஆச்சிக்கு முழங்கால் வலி. சென்னையில் மகனோடு இருக்கிறார். அந்தத் தெருவில் நான்கு பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. கல்யாணம், முன்னோருக்குப் படைக்கிற படைப்பு என்றால் திறக்கிறார்கள். அந்த நாட்களில் சமையல்காரர்கள் வந்து பின்கட்டில் எல்லாப் பலகாரமும் செய்கிறார்கள். அழைப்பு இருந்தால் நமக்கும் கிடைக்கும். அழைப்பு இல்லாத ஞாயிற்றுக்கிழமைக்கு நான் எங்கே போவது? ஏன் வீட்டில் செய்துகொள்ளக் கூடாது என்று கேட்பீர்கள். செய்யலாம். ஊறவைத்து, ஆட்டி, அடுப்பு முன்னால் நின்று, ஒவ்வொன்றாக எல்லாருக்கும் சுட்டுப் போட்டுவிட்டு, கடைசி இரண்டை ஆறின பிறகு நான் தின்னலாம். ஞாயிற்றுக்கிழமையும் அதுதான் என்றால் எனக்கு ஞாயிறு எதற்கு?

உங்கள் பதில் எனக்குத் தெரியும். உங்களில் இரண்டு பேரிடம் நேரிலேயே கேட்டேன். ஒருவர், “எண்ணெய் நிறையக் குடிக்கும், கட்டுப்படியாகாது” என்றார். மாவு நீர்த்தால்தான் எண்ணெய் குடிக்கும் என்பது உங்கள் சமையற்கட்டில் நிற்பவருக்குத் தெரியாதா என்ன? இன்னொருவர் சொன்ன காரணம் நியாயமானது. மாவை மிச்சம் வைக்க முடியாது, கூட்டம் வராவிட்டால் முழு நஷ்டம் என்றார். அதனால்தான் தினமும் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஞாயிறு ஒரு நாள், மாலை நான்கு முதல் ஏழு வரை. ஒரு கடையில் ஒரே ஒரு பலகாரம் போதும். இந்த வாரம் உங்களிடம் வெள்ளைப் பணியாரம் என்றால், எதிர்க்கடையில் கந்தரப்பம் இருக்கட்டும். கவுனி அரிசிக்கு அவசரம் இல்லை. முதல் நாள் இரவே ஊறப்போட்டுக் காலையில் வேகவைத்துவிடலாம். பர்மாவிலிருந்து வந்த கறுப்பு அரிசி அது, இந்த ஊர்க்காரர்கள் வட்டிக்கடை நடத்தப்போன இடத்திலிருந்து கொண்டுவந்தது. தேங்காய்ப்பூவும் நெய்யும் சர்க்கரையும் போட்டு ஒரு கிண்ணம் வைத்தால் வேறென்ன வேண்டும்? மாவு தீர்ந்ததும் பலகையைத் திருப்பி வைத்துவிடுங்கள். பிந்தி வந்தவர்கள் அடுத்த வாரம் முந்தி வருவார்கள்.

கூட்டம் வராது என்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை மாலை இந்த ஊரை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். கொப்புடையம்மன் கோவில் வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. கம்பன் மணிமண்டபத்துத் திண்ணையில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய பீங்கான் ஜாடியையும் இனாமல் கிண்ணத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, விலை கேட்டுவிட்டு, வாங்காமல் வெளியே வருகிறவர்கள் ஒரு பக்கம். (நானும் அதில் சேர்த்தி. ஒரு பச்சைக் கிண்ணத்தை மூன்று ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.) குன்றக்குடி மலை ஏறி இறங்கியவர்கள் ஒரு பக்கம். 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. அந்த வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் என் நாத்தனாரைப் போல ஐந்து மணிக்குத்தான் ஊருக்குள் திரும்புகிறார்கள். அழகப்பா பல்கலைக்கழகத்திலும் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திலும் படிக்கிற பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த ஒரு கேரளத்துப் பெண் இரண்டு ஆண்டுகள் இங்கே படித்தாள். ஊரைவிட்டுப் போகும்போது, “டீச்சர், செட்டிநாட்டுச் சாப்பாடு என்றால் பெப்பர் சிக்கன்தானே?” என்று கேட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவளுக்கு ஒரு நாள் பணியாரம் சுட்டுக் கொடுக்காதது என் தப்பும்தான்.

கடைசியாகச் சில சில்லறை விஷயங்கள். மாலையில் மேஜைமேல் நாற்காலியைக் கவிழ்க்காதீர்கள், வயதானவர்கள் உட்கார வேண்டும். பெண்களுக்கான கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போடுங்கள். பூட்டுப் போட்டுச் சாவியைக் கல்லாவில் வைத்துக்கொள்வது என்ன பழக்கம் என்று எனக்குப் புரியவே இல்லை. விலையில் ஏமாற்ற வேண்டாம், அதற்காக அடிமாட்டு விலைக்கும் கொடுக்க வேண்டாம். நின்று சுடுகிறவருக்குக் கூலி கட்ட வேண்டும் அல்லவா? தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல் வையுங்கள். தேங்காய்ச் சட்னியை வாளியில் கொண்டுவந்து ஊற்றிவிடாதீர்கள், அது இட்லிக்கு.

உங்களில் யார் முதலில் தொடங்கினாலும் வாசலில் ஒரு பலகையில் சாக்பீசால் எழுதி வைத்தால் போதும். நான் அந்த வழியாகத்தான் தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். முதல் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நான்கு பேர், ஆளுக்கு நான்கு வீதம் பதினாறு. நாத்தனாருக்கும் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
செக்காலைப் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர்